நடுவில் வந்த பந்து

வலையோரம் நான் நின்றால் ஒரு பந்தும் என்னைத் தாண்டாது. பொய். மூன்று மாதம் அத்தனையும் தாண்டிப் போனது. தேவா எடுத்துக்கொண்டிருந்தான்.

ராயபுரத்தில் பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுத்து, டென்னிஸ் கிளப்பில் பந்து பொறுக்கி வளர்ந்தவன் நான். ஒற்றையர் ஆட்டத்தில் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. அதனால் இரட்டையர் மட்டும் ஆடிப் பிழைப்பவன் ஆனேன். பாதி மைதானம், பாதி ஓட்டம். என் சோம்பலுக்கு ஏற்ற தொழில். மறுபாதி, முகத்துவாரக்குப்பத்துத் தேவா. பதினொரு வருடம்.

முதல் அறிகுறியே எனக்குத் தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் வரும் பந்து என்னுடையது. அதைத் தேவா அடிக்க ஆரம்பித்தான். பேராசைக்காரன் என்று திட்டினேன். கதவு நிலையில் தோள் இடித்தது, கதவைத் திட்டினேன். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி சட்டையை உரசிக்கொண்டு போனது, டிரைவரைத் திட்டினேன். அன்று பின்னால் வந்த தேவாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

டாக்டர் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி இரண்டு கைகளையும் விரித்தார். “ரெண்டு பக்கமும் விரல் ஆடுதா?”

“எந்த வெரலு சார்?”

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. தேவாவும் சிரிக்கவில்லை.

ஸ்கேனில் பிட்யூட்டரியில் (மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் உள்ள பட்டாணி அளவு சுரப்பி) கட்டி. புற்று இல்லை. ஆனால் பார்வை நரம்பை அழுத்தி, இரு கண்ணிலும் வெளிப்பக்கத்தை மறைத்திருந்தது. விட்டால் மொத்தமும் போகும். இத்தனை நாள் எப்படித் தெரியாமல் இருந்தது என்று டாக்டருக்கே ஆச்சரியம்.

தேவா தரையைப் பார்த்தபடி சொன்னான்: “சைடுல வர்றத்த நான் எட்த்துகினேன் சார். இவனுக்கு வயசாய்ட்ச்சு போலன்னு நெனச்சேன். சொன்னா ஆட்டத்த வுட்ருவான்.”

கட்டியைவிட அதுதான் என்னை உலுக்கியது. ஒற்றையர் ஆடியிருந்தால் முதல் வாரமே தோற்றுக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் ஒற்றையரில் நான் எப்போதுமே தோற்பவன், அப்போதும் தெரிந்திருக்காது.

மூக்கு வழியாகவே கட்டியை எடுத்தார்கள். சுரப்பி செய்யாத வேலைக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. வலப்பக்கம் திரும்பி வந்தது. இடப்பக்கம் பாதிதான். மறுபடி ஆடலாமா என்று கேட்டேன். கழுத்தைத் திருப்பப் பழகு என்றார் டாக்டர். இத்தனை வருடம் வலப்பாதியில் நின்ற என்னைத் தேவா இடப்பாதிக்கு மாற்றினான். நடுப்பந்து இனி என் வலப்பக்கம் வரும்.

உங்களுக்கும் கதவுகள் இடிக்கத் தொடங்கினால் கதவைத் திட்டாதீர்கள். கண்ணைக் காட்டுங்கள். பக்கத்தில் யாராவது உங்கள் பந்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

இடப்பக்கத்தில் இப்போது எதுவும் வருவதில்லை, வந்து நிற்கிறது. டீ கிளாஸ், ஆட்டோ, மனிதர்கள். அரை நொடி பின்னால் வாழ்கிறேன். இன்று திருவொற்றியூரில், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஆட்டம். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை மாத்திரை பற்றி முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும், அதை ஒருநாளும் மறந்து—

தேவா கூப்பிடுகிறான்.

“மாமு, எய்துனது போதும், வா. நடுவுல வர்றது உன்து. நான் தொட மாட்டேன்.”