கிணற்றுப் பூச்சிகளோடு அக்கராயன் வரை

1999 ஆவணி. காலை ஏழரை மணிக்கு ஸ்கந்தபுரத்தில் இருந்து சைக்கிளை மிதித்தேன். நான் போகவேண்டிய இரணைமடு பதினைந்து மைல் என்றார்கள். கரியரில் ஈரச் சாக்கு சுற்றிக் கட்டிய மண்கூசா, அதற்குள் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் கிணற்றுத் தண்ணீர், தண்ணீருக்குள் என் பொக்கிஷம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் தள்ளிக்கொண்டிருந்தது.

பொக்கிஷம் என்றால், இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தமான வெள்ளைப் பூச்சிகள். அரிசிக் குறுநொய் அளவு. கண் கிடையாது, நிலத்தடி இருட்டில் கண்ணை வைத்து என்ன செய்ய? முந்தாநாள் இவை வாளியில் ஏறி வந்ததைக் கண்டு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்துவிட்டது.

ஊரில் வயிற்றோட்டம். நாளைக்கு அந்தக் கிணற்றுக்குக் குளோரின் போடப்போகிறார்கள். போடத்தான் வேண்டும், பிள்ளைகளின் உயிர். ஆனால் அதோடு இவற்றின் கதை முடிந்தது. அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். வெயில் ஏறினால் குளத்தில் வாழும் இவற்றின் சொந்தப் பூச்சியின் அனுசேபம் ஏறும், உடலுக்குள் எரிப்புக் கூடி மூச்சு வேகமாகும். வெயிலையே காணாத இதற்கும் அப்படி ஏறுமா? இரணைமடுவில் மரத்தடியில் நடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில், சின்னதைப் பெரிதாக்கிப் பார்க்க, நுணுக்குக்காட்டி இருக்கிறது. அங்கே படிப்பிக்கும் தோழி குளத்துப் பூச்சிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

எட்டு மணி, வழியில் அக்கராயன். பின் ரயர் காற்றுப் போய்விட்டது. கூசாவை ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் இறக்கி, கடைக்காரப் பிலோமினா அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்தவர். இந்த ஊர்க்காரர் கொடுத்த துண்டுக் காணியில் புருஷன் வெட்டிய கிணறு கடைக்குப் பின்னால் இருந்தது. நான் ரியூப் ஒட்டப் போனேன்.

ஒன்பதரைக்குத் திரும்பினேன். கூசா முத்துப்போலக் கழுவித் துடைத்தபடி இருந்தது.

"ரீச்சர், இந்த வயித்தோட்டக் காலத்தில பூச்சித் தண்ணியையே குடிக்கக் கொண்டு போறியள்? அதை ஊத்திப்போட்டு, கொதிச்சாறின தண்ணி விட்டு வைச்சிருக்கிறன்."

"எங்கையக்கா ஊத்தினீங்கள்?"

"ஆடு தண்ணி குடிக்கிற சட்டிக்குள்ளதான். வீணாக்கேல்லை."

ஓடினேன். முற்றத்து நடுவில், கொளுத்தும் வெயிலில், அலுமினியச் சட்டி. மூக்கை நீட்டிய ஆட்டைத் தள்ளிவிட்டு முழங்காலில் விழுந்து பையில் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தேன். சட்டியில் முதலே இருந்தது அக்கராயன் குளத்துத் தண்ணீர். அதில் பழுப்பு நிறக் குளத்துப் பூச்சிகள் ஓடித்திரிந்தன. அவற்றுக்கு நடுவே என் வெள்ளைப் பிள்ளைகள், உயிரோடு!

வயிற்றடிக் கால்களால் நீரைத் தள்ளித்தான் இரண்டும் மூச்சுவிடும். பழுப்பின் கால்கள் தையல் மெஷின்போல அடித்தன. வெள்ளையின் கால்களோ, முந்தாநாள் வாளியில் கண்டபடியே, ஆறுதலாக, மெல்ல. பையில் இருந்த வெப்பமானியையும் எடுத்துச் சட்டிக்குள் விட்டேன், ஏறிக்கொண்டிருந்தது. பழுப்பு இன்னும் பறந்தது. வெள்ளை அசைந்து கொடுக்கவில்லை. இரணைமடுவுக்குப் போய்ப் பார்க்க இருந்ததை ஆட்டுச் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். எனக்குத் தலை கழன்றுவிட்டது என்று நினைத்துத்தான் அவர் வந்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் அவரும் குந்திவிட்டார்.

"ரீச்சர், வெள்ளையள் ஏன் படுக்குதுகள்?"

பறித்துப் பார்த்தேன். ஒன்று அடியில் கிடந்தது. பிறகு இன்னொன்று. வெயில் ஏறியும் மூச்சை வேகமாக்கத் தெரியாமல், மெதுவாக அடித்தபடியே நின்றுவிட்டன. என் சந்தோஷம் அப்படியே வற்றிப்போனது. விடை கிடைத்த புளுகத் துள்ளலில் சட்டியை நிழலுக்கு இழுக்க மறந்துபோனேனே!

இருவருமாகச் சட்டியைத் தாழ்வாரத்துக்குத் தூக்கினோம். அக்கா கொதித்தாறிய தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார்.

"வேண்டாமக்கா, கொதிச்ச தண்ணியில காத்துப் போயிடும், இதுகளுக்கு மூச்சு இல்லை. கிணத்துத் தண்ணி அள்ளுங்கோ!"

வாளி வந்தது. ஒரு கரண்டியால் வெள்ளைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் குளிர்ந்த நீரில் விட்டேன். பாதிக்கு மேல் அசையவில்லை. மிச்சம் கால் அடித்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

இனி எங்கே கொண்டுபோவது? இரணைமடு வரை இந்த வெயில் தாங்காது. திரும்பினால் நாளைக்குக் குளோரின். கேட்கக் கூசியது, ஆனாலும் கேட்டேன்.

"அக்கா, இதுகளை உங்கட கிணத்துக்குள்ள விடட்டோ?"

பூச்சி என்று ஊற்றியவரிடமே கேட்கிறேன். அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாங்கள் எப்பிடியும் கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம். விடுங்கோ."

வாளியை அவரே இறக்கினார். நீர் தொட்டதும் மெல்லச் சரித்துவிட்டு, கிணற்றுக் கட்டில் சாய்ந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ளுக்கை முதலே இருக்கிறதுகள் இதுகளை இருக்க விடுமோ, ரீச்சர்?"

ஓம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. தெரியாது என்றுதான் சொன்னேன்.

அவர் கயிற்றை இழுத்துச் சுருட்டினார். "அதுகள் இருக்க விடும். இந்த ஊராக்கள் எங்களை இஞ்ச இருக்க விட்டவைதானே."