அப்பா தூங்குகிற வீட்டின் பாட்டு

ஆண்டு விழாவுக்கு ஷைனி முதலில் எடுத்தது ஒரு ராஜா கதை. கடல், புயல், போர், தொண்டை கிழியப் பாடவேண்டிய பாட்டுகள். கிரீடம்கூட வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது. பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்பே நாடகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோமே என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஷைனி, நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து ஊர்ப் பெண். அப்பா இன்னாசிராஜுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. மாதா கோயில் பாடகர் குழுவில் தொடங்கியவள் சிதம்பரம் போய் இசையில் பட்டம் வாங்கி வந்தாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் பாட்டு மிஸ்ஸாகச் சேர்ந்த முதல் வருஷம், நாடகம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். யாருக்காகப் பெரிதாக? அந்தக் கேள்வி பிறகுதான் வந்தது.

ஒத்திகைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒருவரும் மேடை ஏறியதில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமாப் பாடுங்க! போருக்குப் போறோம், பால் வாங்கப் போகல!"

ராஜாவாக நின்ற அறிவழகன் வாளை உயர்த்திப் பகைவனை அழைத்தான். காதோடு ரகசியம் சொல்வதுபோல இருந்தது. ஜன்னலில் நின்று பார்த்த விளையாட்டு ஆசிரியர் கொளஞ்சிநாதன், "யம்மா, எதிரிய தாலாட்டிக்கினு இருக்கானே ராஜா!" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க, சத்தமே இல்லாமல். ஒரு வகுப்பு முழுக்க இப்படிச் சிரிக்குமா? ஷைனிக்கு எங்கோ இடித்தது.

"அறிவு, ஏன்டா குரல முழுங்குற?"

"அப்பா எழுந்துக்குவாரு மிஸ்."

"உங்கப்பா இங்கயா படுத்திருக்காரு?"

"இல்ல மிஸ். நைட் ஷிஃப்ட்னா பகல்ல தூங்குவாரு. வூட்ல சத்தம் போட்டா அம்மா கிள்ளுவாங்க. அதான், பழகிடுச்சு."

"எங்க வீட்ல குக்கரே வைக்க மாட்டாங்க மிஸ்," என்றாள் சரிதா. "விசில் அடிக்கும்ல?"

கதவுக்கு எண்ணெய் விட்ட கதை ஒருத்தி சொன்னாள். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டு அடிவாங்கிய கதை ஒருவன் சொன்னான். எல்லாம் அடிக்குரலில், ஆனால் ஒரு சொல்கூடத் தேயாமல். இவ்வளவு நாளும் தன் காதைத் தீட்டாமல் அவர்கள் தொண்டையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று ஷைனிக்குப் பட்டது.

ராஜா போனார். அவளே ஒரு நாடகம் எழுதினாள். குவார்ட்டர்ஸ் வீடு. நைட் ஷிஃப்ட் முடித்த அப்பா தூங்குகிறார். கேஸ் சிலிண்டர்காரர் வருகிறார். காடாம்புலியூர் மாமா பலாப்பழத்தோடும் பெரிய தொண்டையோடும் வருகிறார். அத்தனை பேரையும் அடக்க வேண்டும். தனிப்பாட்டு கிடையாது. நாலைந்து சுரத்துக்குள் அடங்கும் மெட்டு, எல்லோரும் சேர்ந்து, தணிந்த குரலில். சுருதி சேராதவர்களுக்குத் துடைப்பமும் முறமும். பெருக்குகிற சத்தமும் அரிசி புடைக்கிற சத்தமும்தான் தாளம்.

இருந்தாலும் மனசு அரித்தது. இவர்களுக்குப் பொருந்துவதைக் கொடுக்கிறேனா, இல்லை, இவர்களுக்கு இவ்வளவுதான் வரும் என்று கதவைச் சாத்துகிறேனா? கல்லூரியில் அவளிடமே ஒருவர், "உனக்குக் கோரஸ் போதும்" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் இதைப் பாடவைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. கத்துவது யாருக்கும் வரும். தணிந்த குரலில், சொல் உடையாமல், இத்தனை பேர் ஒரே மூச்சாகப் பாடுவது லேசில் வராது. பட்டம் வாங்கிய அவளே அதற்குத் திணறியவள். இவர்களுக்கு அது கைவந்ததாக இருந்தது.

தலைமையாசிரியை விஜயலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. "ஆண்டு விழாவுல ரகசியம் பேசப் போறீங்களா ஷைனி? ஒண்ணு பண்ணுங்க. நீங்களே பாடி பென் டிரைவ்ல கொடுங்க. கடைசி வரிசைக்குக் கேக்கலன்னா அதைப் போட்டுடுவேன். பசங்க வாயசைச்சா போதும்."

ஷைனி பாடிக் கொடுத்தாள். தன் குரல் ஒலிக்கவே கூடாது என்று ஒரு பாடகி வேண்டிக்கொண்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

விழாவன்று அரங்கம் சந்தைபோல இரைந்தது. குழந்தைகள் அழுகை, சிப்ஸ் பாக்கெட் சரசரப்பு, குவார்ட்டர்ஸ் பிளாக்குக்குப் பிளாக் நலம் விசாரிப்பு. திரை விலகியது. அறிவழகன் லுங்கியோடு பாயில் படுத்திருந்தான். முதல் பாட்டு தொடங்கியது. பாதி அரங்கத்துக்கு மேல் போகவில்லை. மைக் செட்காரர் பென் டிரைவில் கைவைத்துத் தலைமையாசிரியையைப் பார்த்தார். போடச் சொல்லித் தலைமையாசிரியையின் கை மெல்ல உயர்ந்தது.

அப்போது மேடையில் சரிதா அடுப்படிப் பக்கம் திரும்பி உதட்டில் விரல் வைத்து, படுத்திருப்பவனைக் கண்ணால் காட்டினாள். முன்வரிசையில் ஒரு அம்மா, மடியிலிருந்த குழந்தையின் வாயைப் பட்டென்று பொத்தினாள். பக்கத்திலிருந்தவள் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். சொல்லித் தெரிய வேண்டியதா அது? ஷிஃப்டுக்குப் போகிற ஆள் தூங்குகிறார். வரிசை வரிசையாக அடங்கிக்கொண்டே போய், கடைசியில் நின்றவர்கள்கூடச் செருப்பைத் தேய்க்காமல் நின்றார்கள். துடைப்பத்தின் தாளம் கேட்டது. பாட்டு கேட்டது. உயர்ந்த கை நாற்காலியில் தானாக இறங்கியது.

முடிவில் அப்பா திடுக்கிட்டு எழுந்து, "என்னாடி, வூடு இவ்ளோ அமைதியா கெடக்கு? யாருக்கு என்னா ஆச்சு?" என்றபோது, பகலில் தூங்கியே பழகிய அப்பாமார்களின் சிரிப்பில் கூரை அதிர்ந்தது.

திரைக்குப் பின்னால் பிள்ளைகள் ஷைனியைச் சுற்றிக் குதித்தார்கள். கொளஞ்சிநாதன் ஓடிவந்தார். "கடைசி வரிசைலதான் நின்னுக்கினு இருந்தேன். ஒரு சொல்லு வுடாம கேட்டுச்சும்மா. எனக்கே இருமல் வந்துச்சு, முழுங்கிட்டேன்!"

தலைமையாசிரியை வந்து சரிதாவின் கன்னத்தைத் தட்டினார். பிறகு ஷைனியிடம், "அடுத்த வருஷத்துக்கு என்ன நாடகம்? இப்பவே சொல்லிடுங்க, மேடையிலயே அறிவிச்சுடறேன்," என்றார்.

முன்பென்றால் ஏதாவது ஒரு பெரிய பேரைச் சொல்லியிருப்பாள்.

"மொதல்ல பிள்ளைங்களப் பாக்கணும் மேடம்," என்றாள். "அவங்க பேசறத கொஞ்ச நாள் கேட்டுட்டுச் சொல்றேன்."