பாத்திரமாகும்படி

எங்கள் வீட்டு மாலைச் செபத்தில் 'பாத்திரமாகும்படி' என்றொரு சொல் வரும். சிறுமியாக இருந்தபோது அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரித்துவிட்டாள்.

"உங்கப்பா விக்கற பாத்திரந்தான்னு நானும் ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன் சாமி."

அப்பா அயோத்தியாப்பட்டணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மொபெட்டில் எவர்சில்வர் பாத்திரம் விற்பவர். "தகுதியாகும்படின்னு அர்த்தம்," என்று திருத்தினார்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சிலுவையில் பாடுபடுவதற்கு முன் தோட்டத்தில் முழந்தாளிட்ட இயேசு, தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று தந்தையிடம் கேட்டாரே, அந்தப் பாத்திரம். இப்போது கோயிலில் அதைத் துன்பக் கிண்ணம் என்று வாசிக்கிறார்கள். எங்கள் வீட்டில் பழைய சொல்தான்.

சில வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. சேலத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். தண்ணீரைக் குறைக்காவிட்டால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். அப்பா தன் சரக்கிலிருந்தே ஒரு சின்னச் சொம்பை எடுத்தார். காலையில் அதை நிரப்பி வைப்பார். காபி, ரசம் போக, அன்றைக்கு அவ்வளவுதான்.

அம்மா பிறந்தது ஜேடர்பாளையத்தில். காவிரியில் முங்கிக் குளித்து வளர்ந்தவள். சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டு கிடப்பாள். நான் இளம்பிள்ளையில் வாக்கப்பட்டிருந்தேன். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவள் கெஞ்சுவதைக் கேட்டேன்.

"ஏனுங்க, ஒரு வாய் குடுங்க."

"வேண்டாம் அம்மணி. நாளைக்கு மூச்சு முட்டும்."

சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அவள் கண்முன் அவர் தண்ணீர் குடிப்பதே இல்லை. பக்கத்து வீட்டில் போய்க் குடித்துவிட்டு வருவார். ஒருநாள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"இங்கயே, என்ற முன்னால குடிங்க. நீங்க குடிக்கறதப் பாத்தா எனக்குக் கொஞ்சம் அடங்குதுங்க."

அன்று அவர் அவள் கட்டிலருகே உட்கார்ந்து டம்ளரில் தண்ணீர் குடித்தார். பாதிக்கு மேல் இறங்கவில்லை. அம்மா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டார். உடம்பு இனி டயாலிசிஸ் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போய் விரும்பியதைக் கொடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு குடம் தண்ணீரைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தார். அவள் தலையை நிமிர்த்தி டம்ளரை வாயில் வைத்தார்.

"குடி அம்மணி. எவ்வளவு வேணும்னாலும் குடி."

இரண்டு மடக்குத்தான் உள்ளே போயிற்று. மீதி கழுத்தில் வழிந்தது.

"போதுங்க," என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் பிறகு நானும் அப்பாவும் மாலைச் செபம் சொன்னோம். 'பாத்திரமாகும்படி' வந்ததும் அவர் குரல் நின்றுவிட்டது. நான் மட்டும் சொல்லி முடித்தேன். மறுநாளும் அப்படியே. "கேட்டப்பவே குடுத்திருக்கலாம்," என்றார்.

"அப்பவே போயிருப்பாங்கப்பா."

"நெறைய குடிச்சுட்டுப் போயிருப்பா."



முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கலைந்தபின், கோயில் வாசலில் அப்பா பங்குச் சாமியாரை நிறுத்தினார். அவர் என்னைவிடச் சிறியவர், புதிதாக வந்திருந்தார்.

"சாமி, தோட்டத்துல அவரு அப்படிக் கெஞ்சினாரே. அவங்கப்பா ஏன் ஒண்ணுமே பேசல?"

சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியலீங்கய்யா."

அப்பா தலையை ஆட்டினார். அவள் போனபின் யாரிடமும் அழாதவர், அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். சாமியார் அங்கியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் செருப்புகளை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் காத்திருந்தேன்.