அண்ணியின் சீஸ் இறைச்சித் தட்டு

மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். "தங்கச்சி, ஒன் அண்ணி நம்மள விட்டுட்டுப் போயிட்டா," என்றார். நெஞ்சுவலி என்று காலையில் தம் காலால் நடந்து போய் வேனில் ஏறியவர். கரும்பலகையில் எழுதிய வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டேன்.

எங்கள் அண்ணி மரியபுஷ்பம் இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மகள் ஜெனிக்கு மூன்று வயதானபோது குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். எட்டு வருடம் கழித்துத்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அதுவரை ஜெனியை வளர்த்தவள் நான். என் போர்வைக்குள்தான் தூங்குவாள். பெற்றவர் வந்து இறங்கிய அன்று என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அவங்க எப்ப போவாங்க அத்த?" என்று கேட்டாள். அது அண்ணியின் காதில் விழாமல் இல்லை.

மறுநாளே சமையலில் இறங்கினார். "அங்க அந்த வீட்டுப் புள்ளைங்க இதக் கண்டா என் காலையே சுத்தி வருவாங்க. இவளும் வருவா பாருங்க," என்றார். சோள மாவையும் கோதுமை மாவையும் பிசைந்து, மெல்லிசாகத் தட்டிச் சுட்டு, முக்கோணமாக வெட்டிப் பொரித்தார். டவுனில் வாங்கிய மாட்டிறைச்சியைக் கொத்தி, வெங்காயம் தக்காளியோடு சுண்ட வதக்கினார். கேக் தட்டில் பொரித்த துண்டுகள், மேலே இறைச்சி, அதற்கும் மேலே துருவிய சீஸ். அரபி வீட்டு ஓவன் அடுப்புக்கு நாங்கள் எங்கே போவது? பெரிய சட்டியில் மணல் பரப்பித் தட்டை இறக்கி, மூடியின் மேல் மிலாறு எரித்த தணலை, காய்ந்த தேயிலைக் குச்சித் தணலை, அள்ளிப் போட்டார்.

இறைச்சி வதங்கும்போது என்னைக் கேட்டார்: "டீச்சரம்மா, பாப்பா காரம் தின்னுவாளா?"

ஜெனியோ எவ்வளவு காரமான கொச்சிக்காயையும் உப்பில் தொட்டுக் கடிப்பவள். "காரமே ஆகாது அண்ணி," என்றேன்.

வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. எட்டு வருடம் வளர்த்த பிள்ளையை ஒரு தட்டுச் சாப்பாட்டில் கொண்டுபோய்விடுவாரோ என்று பயந்தேன்.

ஜெனி ஒரு வாய் வைத்தாள். "சப்புன்னு இருக்கு. எனக்கு ரொட்டியும் காரமா கட்டச் சம்பலும் தாங்க அத்த," என்றாள். அண்ணி தட்டை எடுத்து மூடி வைத்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

ஒரு மாதம் போயிருக்கும். ஜெனி மாங்காயோடு கொச்சிக்காய் கடிப்பதை அண்ணி பார்த்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மறுபடி தணல் போட்டார். இறைச்சியில் கொச்சிக்காய் அரிந்து போட்டு, முதல் கரண்டியை என் தட்டில் வைத்தார்.

"பாருங்க டீச்சரம்மா, நம்ம புள்ளைக்குக் காரம் போதுமான்னு நீங்கதானே சொல்லணும்."

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "போதும் அண்ணி," என்றேன். ஜெனி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அவள் வாயில் 'அம்மா' வர இன்னும் ஒரு வருடம் ஆனது. அண்ணி அவசரப்படவே இல்லை. என்னிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கவும் இல்லை.

நேற்று ஏழாம் நாள் பூசை. அதற்கு முந்தின நாள் ஜெனி அடுப்படிக்கு வந்தாள். இப்போது பத்தொன்பது வயது அவளுக்கு. "அம்மாவுக்குப் புடிச்சத ஆக்கி லயத்து வீட்டுக்காரங்க எல்லாருக்கும் குடுக்கணும்னு அப்பா சொல்றாரு. அம்மாவுக்கு என்ன அத்த புடிக்கும்?" என்றாள்.

யோசித்தேன். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டோம், அவரும் விழித்தார். குவைத்துப் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும், ஜெனிக்கு எது பிடிக்கும், எனக்கு எது பிடிக்கும் என்பதெல்லாம் அண்ணிக்கு அத்துப்படி. அவர் ஆசையாக ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்ததை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. வாய்க்கு வந்த எதையாவது சொல்லியிருக்கலாம்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். ஜெனி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அண்ணி, ஒரே கூரையின் கீழ் இத்தனை வருடம் இருந்தும் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆண்டவர் சந்நிதியில் அமைதியாக உட்காருங்கள். அங்கேயாவது யாராவது உங்களைக் கேட்டுப் பரிமாறட்டும்.