தாளின் பின்பக்கம்

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. பேரவை உரை ஒன்றின் வரைவில் ஏழாம் பக்கம். இடது ஓரத்தில், சாய்ந்த கையெழுத்தில், பென்சிலால் எழுதிய இரண்டு வரிகள்: “அக்கா, ஒங் கை ஒடஞ்சதுக்கு நாந்தான் பொறுப்பு. என்ன மன்னிச்சிடு.” அவற்றின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. வரிகள் அமைச்சருடையவை. கோடு என்னுடையது.

புதுச்சேரியில் அவர் காவல்துறையைக் கவனித்த அமைச்சராக இருந்த காலம் முழுவதும் அவருடைய உரைகளை நான்தான் எழுதினேன். கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். முதல் கூட்டத்தொடரில் தன்னையறியாமல் குப்பத்துப் பேச்சில் பதில் சொல்லிவிட்டார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர், “வஞ்சிரம் இன்னிக்கு என்னா வெல?” என்று கேட்க, அவை சிரித்தது. அதற்குப் பிறகு தாளில் இல்லாத ஒரு சொல்லைக்கூட அவர் அங்கே பேசியதில்லை. வரைவின் இடது ஓரத்தை நான் அகலமாக விட்டுக் கொடுப்பேன். தம் மனத்தில் இருப்பதைத் தம் பேச்சிலேயே அங்கே எழுதி அனுப்புவார். அதை அவைக்குரிய தமிழாக்கி, அவர் அவையில் படிக்கும் செம்பிரதியில் சேர்ப்பது என் வேலை. செம்பிரதியை அவர் முன்கூட்டிப் படித்துப் பார்ப்பதில்லை. என்மீது அவ்வளவு நம்பிக்கை.

மீன் அங்காடியை இடம் மாற்றக் கூடாதென்று சாலையில் அமர்ந்த பெண்களைப் போலீசார் தடியால் அடித்தார்கள். அமைச்சர் அதற்கு உத்தரவிடவில்லை. செய்தி எட்டியதும் அங்கிருந்த அதிகாரியை இடைநீக்கம் செய்யச் சொன்னார். ஆனால் வலது கை ஒடிந்து கிடந்தவர், அமைச்சரின் தாயோடு மீன் கூடை சுமந்த பக்கத்து வீட்டு அக்கா. மருத்துவமனைக் கட்டிலருகே இவர் கண்கலங்கி நின்றபோது அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இங்க வந்து அழுவாத. ஒன் சபையில, நாலு பேரு கேக்கச் சொல்லு. நான் வந்து ஒக்காந்து கேக்கறேன்.” சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

சில நாட்களில் அவர்மீது கண்டனத் தீர்மானம் வந்தது. ஓரிரு வாக்குகளில் எல்லாம் கவிழ்ந்துவிடக்கூடிய சின்னஞ்சிறு அவை எங்களுடையது. ‘பொறுப்பு’ என்ற ஒரு சொல் கிடைத்தால் போதும், அதை வைத்தே அவரை வீழ்த்திவிடுவார்கள் என்று அஞ்சினேன். நல்ல மனிதர் ஒருவரைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினேன். ஓரத்தில் அவர் எழுதி அனுப்பிய இரண்டு வரிகள்மேல், அவரிடம் கேட்காமல், அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டேன். ‘நிகழ்ந்தது வருந்தத்தக்கது’ என்று செம்பிரதியில் எழுதினேன்.

பார்வையாளர் மாடத்தில், கட்டுப்போட்ட கையோடு அக்கா முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அமைச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டுச் செம்பிரதியின் ஏழாம் பக்கத்துக்கு வந்தார். நின்றார். தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கத்துக்குத் திருப்பி, நான் எழுதியிருந்ததைப் படித்தார். வாக்கெடுப்பு முடியும் முன்பே அக்கா எழுந்து போய்விட்டார்.

தீர்மானம் தோற்றது. மாலைகளைக் கழற்றாமலே காரில் ஏறியவர், “அது எங்க போச்சும்மா?” என்று மட்டும் கேட்டார். “பதவி நிலைக்கணுமே ஐயா,” என்றேன். “நெலச்சிடுச்சி,” என்றார். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. ஞாயிறுதோறும் அக்கா அவர் வீட்டுக்கு அனுப்பும் மீன் கூடை அந்த வாரத்தோடு நின்றது. அடுத்த உரையின் வரைவு இடது ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. கடைசிவரை அப்படியேதான்.

சென்ற மாதம் அவர் இறந்தார். கருவடிக்குப்பத்துச் சுடுகாட்டுக்குப் புறப்படுமுன், பெண்கள் கூடி மாரடித்து அழுதபோது அக்காவும் வந்திருந்தார். வலது கை மேலெழவில்லை. இடது கையால் மட்டும் அடித்துக்கொண்டார். “ஒரு வார்த்த சொல்லாம பூட்டியேடா தம்பி!”

காரியம் முடிந்த மறுநாள், இந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு வரிகளையும் படித்துக் காட்டி, கோடு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் பென்சில் எழுத்துகளை இடது கை விரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“எழுதித்தான் குடுத்திருக்கான்,” என்றார். “நான் அவன் மூஞ்சில முழிக்காமலே இருந்துட்டேன்.”

தாளை அவரிடமே விட்டுவரத்தான் போயிருந்தேன். அவர் மடித்து என் கையில் திணித்தார்.

“எனக்குக் கேட்டுடுச்சி. நீயே வச்சிக்க.”

மூலக்குளத்தில் உள்ள என் வீட்டில் இன்று காலையும் இழுப்பறையைத் திறந்தேன். தாளை எடுத்து, அன்று அமைச்சர் திருப்பியதுபோலவே திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எனக்கென்று ஒரு வரியும் இல்லை.