ஏழரைக்கு வாரேனுங்க

அந்தப் பருவம் முழுவதும் என் டைரியின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நேரங்கள் இருக்கின்றன: ஆபீஸ், பஸ், வகுப்பு. ஒரு புதன்கிழமைப் பக்கத்தில் மூன்றாவது நேரம் சிவப்பு மையில்: 10.25. வருகைப் பதிவு முடிந்திருந்தது. இன்னும் ஒரு முதல் வகுப்பு தவறினால் பருவத் தேர்வு எழுத முடியாது என்று துறைத் தலைவர் அன்றுதான் சொன்னார்.

நான் சேலத்தில் முதுகலை வரலாறு படித்தேன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரிகள் வைத்திருந்த ஒருவரின் ஆபீசில் காலை ஆறு முதல் எட்டேகால் வரை வேலை. நான்கு வண்டிகளும் வடக்கே ஓடின. சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று, நேற்று எத்தனை அடி போர் ஓட்டினோம், தண்ணீர் எந்த அடியில் வந்தது என்று வண்டி மேனேஜர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். நான் நோட்டில் எழுத வேண்டும். நேற்று நடந்ததை இன்றே அடிக்கணக்கோடு எழுதிவைக்கும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் வேலை முடிந்து நான் ஏறும் எட்டு இருபது பஸ் இனி உதவாது. ஏழு நாற்பதைப் பிடித்தாக வேண்டும். புதன் மாலையே முதலாளியைப் பார்க்கப் போனேன். ஆபீஸ் வாசலில் மெக்கானிக்கிடம் கம்ப்ரசரைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, காலேஜுல ரொம்பக் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. நாளையிலிருந்து ஏழரைக்கு வாரேனுங்க."

"அதுக்கென்ன அம்மிணி, வா" என்றார் திரும்பாமலேயே.

வியாழன் காலை 5.55. ஷட்டர் இறங்கியிருந்தது. தினமும் அவர்தான் வந்து திறப்பார். 6.10. 6.25. உள்ளே சார்ஜில் கிடந்த ஆபீஸ் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவர் செல்லுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஷட்டருக்கும் எதிர் டீக்கடைக்குமாக நடந்தேன்.

"ஏனுங்க அம்மிணி, ரோட்டை அளக்கறீங்களா? இதுவரைக்கும் எத்தனை அடி ஆச்சு?" என்றார் டீக்கடைக்காரர்.

7.22க்கு முதலாளியின் பைக் வந்தது. குளித்து, விபூதி பூசி, நிதானமாக இறங்கினார்.

"அட, எட்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டே! உன் புண்ணியத்துல நானும் இன்னைக்கு நல்லாத் தூங்கினேன்."

"ஆறு மணியிலிருந்து நிக்கறேனுங்ணா."

"நீதானே ஏழரைக்கு வாரேன்னே?"

"கெளம்பறதைச் சொன்னேனுங்ணா!"

சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அப்போ போறேன்னு சொல்லியிருக்கோணும்."

"தொழில் பண்ற எடத்துல அப்படி எப்படிங்ணா சொல்றது?"

டீக்கடையில் சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்கவில்லை. நான் கேட்டது நியாயம் என்று அவருக்கும் தெரியும்.

7.31க்கு ஷட்டர் ஏறியது. நோட்டில் நான்கு கட்டங்களும் காலி. யார் மறுபடி எப்போது மேட்டில் ஏறுவார்களோ! அடியை எழுதாமல் விட்டால் பிறகு நிலத்துக்காரர்களோடு வாய்த்தகராறு. நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இருந்துட்டு..." என்று தொடங்கினார்.

"அந்த ஒரு நாள்தானுங்ணா என்கிட்ட இல்லை."

அவர் சார்ஜரைப் பிடுங்கினார். பிறகு போனையும் நோட்டையும் எடுத்து என் கையில் திணித்தார். "போயிட்டு வா." வெறும் 'போ' அவருக்கும் வரவில்லை.

மல்லசமுத்திரம் தாண்டும்போது முதல் வண்டி கூப்பிட்டது: அறுநூற்று இருபது அடி, வெறும் புகைதான், தண்ணீர் இல்லை. ஆட்டையாம்பட்டிக்குள் இன்னும் இரண்டு. மடியில் வைத்து எழுதிய எண்கள் பஸ்ஸோடு சேர்ந்து குலுங்கிக் கிடந்தன. நான்காவது வண்டி கூப்பிடவேயில்லை.

9.52க்கு வகுப்பில் உட்கார்ந்தேன். என் பெயர் வந்ததும் எழுந்து "உள்ளேன், ஐயா" என்றேன். அதே நொடி பைக்குள் போன் அடித்தது. பேராசிரியரின் பேனா பதிவேட்டுக்கு மேலேயே நின்றது. நான் பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். அடித்து ஓயும்வரை பார்த்திருந்துவிட்டு, வருகையைக் குறித்தார்.

மூன்றாவது நேரத்தை அன்று நீல மையில் எழுதினேன். நோட்டில் நான்காவது வண்டியின் கட்டம் காலியாகவே இருந்தது. பாடம் முடியும்வரை ஒரு கை பையின் மேலேயே இருந்தது.