விரதத்துக்கு நிறுத்திய கேப்சூல்

எங்கள் கிளினிக்கில் வார்ஃபரின் மருந்து கொடுக்கும் கவுண்டருக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது வேலாயுதம் அங்கிளைப் பற்றித்தான்.

மலேசியாவில் நியாலாஸ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் கட்டிப் போகாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். அந்த மருந்து குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி அடைக்கும். கூடினால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியும். அதனால் ரத்தத்தைச் சோதித்து, அது எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்வோம். அவருடைய எண் வெகுகாலம் அசையாமல் இருந்தது. காவடி விரதத்தில் இருந்தபோது வந்தார்; எண் இறங்கியிருந்தது, அதாவது மருந்து போதவில்லை. டாக்டர் மருந்தைக் கூட்டி எழுதிவிட்டார். சீட்டு என் கையில்.

"மருந்து எதும் விட்டுப் போச்சா அங்கிள்?"

"முருகன் மேல சத்தியமா இல்ல மிஸ்ஸி." எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு, கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் மிஸ்ஸிதான்.

"வேற மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்லவே இல்ல."

"கீரை நெறய சாப்பிடுறீங்களா?" கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்.

"எங்க? இவ போடுறது சாம்பாரும் தயிரும்தான்."

பக்கத்திலிருந்த அவர் மனைவி சரோஜா ஆன்டி விடவில்லை. "விரதத்துல பின்ன கோழியா ஆக்கிப் போடுவாங்க?"

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. மருந்தை எடுத்து வைத்தேன். கொடுக்கக் கை வரவில்லை. அடுப்பு கேஸை மூடினேனா என்று பாதி வழியில் வீடு திரும்பிப் பார்க்கிற ஆள் நான். இதுவும் அந்த வகைச் சந்தேகம்தானோ என்று தயங்கினேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"ஆன்டி, விரதத்துக்காக வீட்டுல எதையெல்லாம் நிறுத்துனீங்க?"

"மீனு, கோழி, முட்டை. வெங்காயம், பூண்டுகூட இல்ல. அந்த மீன் எண்ணெய் கேப்சூல், பூண்டு கேப்சூல் ரெண்டையும் எடுத்து அலமாரி மேல வெச்சிட்டேன். சுத்தமா இருக்கணும்ல."

"அது தெனமும் சாப்பிட்டாரா?"

"ஆமா. மக சிங்கப்பூர்லேருந்து வாங்கியார்றது. அது மருந்து இல்லம்மா, சத்து."

மீன் எண்ணெயும் பூண்டு கேப்சூலும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடக்கூடும். எண் இறங்கியதற்கு அவற்றை நிறுத்தியதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மருந்தையும் கூட்டி, காவடி இறக்கியதும் அவற்றையும் அவர் திரும்ப விழுங்கினால்?

சீட்டோடு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மருந்தைக் கூட்டித்தான் ஆகணும், வால்வு காத்திருக்காது. ஆனா அந்த கேப்சூல் திரும்பக் கூடாது. அடுத்த வாரமே ரத்தம் பாக்கணும்."

திரும்பி வந்து சொன்னதும் அங்கிளின் முகம் இறுகியது. "மக ஆசையா வாங்கியார்றா மிஸ்ஸி. வேணாம்னு நான் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க." மகளை அழைத்துப் போனை என்னிடம் நீட்டினார்.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண், "நான்தான் அப்பாவுக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?" என்றாள்.

என் மகனுக்கு வைட்டமின் சிரப் வாங்கும்போது நானும் முதலில் பார்ப்பது பாட்டிலில் சிரிக்கும் குழந்தையைத்தான். குரலைத் தணித்துக்கொண்டேன். "அப்படி இல்லலா. நல்லதுன்னு நெனச்சுத்தான் வாங்குனீங்க. இனிமே வாங்குறதுக்கு முன்னாடி எங்களக் கேளுங்க."

அடுத்த வாரம் எண் சரியான அளவுக்கு வந்திருந்தது. எனக்கு மட்டும் நிம்மதியில்லை. விரதம் இன்னும் முடியவில்லையே, கேப்சூலும் அலமாரி மேலேதான் இருக்கும்.

காவடி எடுத்த மறுநாள் கிளினிக்குக்கு அவரே போன் செய்தார். "மிஸ்ஸி, இவ மீன் கறி வெச்சிருக்கா. சாப்பிடலாமா, இல்ல அதையும் அலமாரி மேல வைக்கணுமா?"

"எப்பவும் போல சாப்பிடுங்க அங்கிள். கேப்சூல்?"

"மக வந்து எடுத்துட்டுப் போய்ட்டா. போறப்ப கொஞ்சம் அழுதா."

'வேற மருந்து' என்று கேட்டால் நம் பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை. அவர்களுக்குச் சத்து வேறு, மருந்து வேறு. லேகியம், பவுடர், எண்ணெய் என்று வாய்க்குள் போவதையெல்லாம் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். எதை நிறுத்தினார்கள், எப்போது திரும்பத் தொடங்குவார்கள் என்றும் கேளுங்கள். வரிசையில் யாராவது முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பதில் வந்த பிறகு மருந்தைக் கொடுங்கள்.